இடுப்புயரத்துக்குக் கீழே ஒரு சுவர்

அண்ணி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவில்லை. நேராக விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சுவரில் கன்னம் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகச் சுவரை நீளவாக்கில் பார்த்தார். அம்மா பதறிவிட்டாள்.

“என்னம்மா, பல்லியா?”

“இல்ல அத்தை. இது பளபளப்பில்லாத பெயிண்ட்தானே? சுவிட்ச சுத்தி மட்டும் மின்னுது. யாரோ தினமும் துணியால அழுத்தித் துடைக்கிறாங்க.”

துடைப்பது அம்மாதான். தன்னைப் பாராட்டிவிட்டார்களா, குறை சொல்லிவிட்டார்களா என்று அன்று முழுக்க அம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே, “அவ வேலையே அதும்மா. சுவரைத் தேய்க்கிறதுக்குச் சம்பளம் வாங்குறா” என்றான்.

அண்ணி பெயிண்ட் ஆலையின் சோதனை அறையில் வேலை பார்த்தார். வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்ட் எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும், கறை பிடித்தால் போகுமா, காய்ந்தபின் மேடுபள்ளம் இல்லாமல் நிற்குமா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் அவருடன் உள்ளே போனேன்.

சின்ன அறை. நடுவில் ஒரு எந்திரம். அதில் பன்றிமயிர் பிரஷ் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டே இருந்தது. அதன் அடியில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் தாள். தாளின் மேல் பெயிண்ட். சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெயிண்ட் தேய்ந்து கருப்பு எப்போது எட்டிப் பார்க்கிறதோ அப்போது நிறுத்தி எண்ணிக்கையை எழுத வேண்டும். எந்திரத்திலேயே எண் ஓடும். ஆனாலும் அண்ணி வாய்க்குள் எண்ணுவார். ஒரு முறை அந்த எண் நானூற்றிலேயே சிக்கிக்கொண்டு அவரை ஏமாற்றிவிட்டதாம்.

அந்தத் தாளில் பெயிண்டைப் பூசுவதே தனி வித்தை. தாளின் ஒரு முனையில் கொஞ்சம் ஊற்றி, இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பார். கை நடுங்கினால் படலம் ஓரிடத்தில் தடிக்கும். அப்படி இழுத்த தாள்களை அலமாரியில் படுக்க வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை இழுத்ததை அடுத்த வெள்ளிக்கிழமை தேய்ப்பார்.

“இன்னைக்கு இழுத்ததை இன்னைக்கே தேய்ச்சா என்ன அண்ணி?”

“அது காயணுமில்ல, நாத்தனாரே. ஏழு நாள். அதான் முறை.”

கறைச் சோதனைக்கு டீ, பேனா மை, பென்சில், உதட்டுச் சாயம். தனக்கு ஒரு நாளும் உதட்டுச் சாயம் பூசாத அண்ணி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடையில் போய் அடர் சிவப்பில் ஒன்று வாங்குவார். கடைக்காரம்மா, “இவ்வளவு வாங்குறீங்க, ஒரு நாள்கூட உங்க மூஞ்சில பார்த்ததில்லையே” என்று கேட்டதற்கு, “சுவருக்குத்தான் போடறேன், அதுக்குத்தான் எடுப்பா இருக்கு” என்றாராம்.

அண்ணனும் சும்மா இருக்க மாட்டான். “கல்யாணமான நாள்லேர்ந்து என்னையும் தேய்ச்சுதான் பார்க்குறா. இன்னும் கருப்பு தெரியல.”

“உங்களையா? இருநூறு தாண்ட மாட்டீங்க. சும்மா இருக்கட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.”

அண்ணி காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காப்பகத்துச் சுவர்தான்.

குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. ஒரே அமைப்பு அதுபோல் பதினொன்று நடத்தியது. பதினொன்றுக்கும் பெயிண்ட் அடித்தவர் ஒருவரே. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இரண்டாவது கோட் அடிக்காமல் ஏணியை எடுக்க மாட்டார் என்பதால் அவருக்கு ‘ரெண்டு கோட்டு’ என்று பெயர். காப்பகத்தின் பெரிய கூடத்துக்கு அவர் அண்ணியின் ஆலையில் செய்த இளநீலப் பெயிண்டை அடித்திருந்தார். டப்பாவில் ‘கழுவக்கூடியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு மாதத்தில் நீலம் தேய்ந்து, அடியில் இருந்த பழைய மஞ்சள் தேமல் மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. புகார் ஆலைக்கு வந்தது.

அப்படிப் புகார் வந்தால், அதே கலவையில் எடுத்து வைத்திருக்கும் மாதிரி டப்பாவை மறுபடி சோதிப்பது வழக்கம். அண்ணி சோதித்தார். இரண்டாயிரத்து நூறு தேய்ப்பு வரை தாங்கியது. நல்ல எண். “பெயிண்டில் குறை இல்லை. அளவுக்கு மேல் தண்ணீர் கலந்து அடித்திருக்க வாய்ப்புண்டு” என்று கடிதம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அந்த இரண்டாவது வரி அவருடைய சொந்த வரி அல்ல. இப்படிப்பட்ட எல்லாக் கடிதங்களிலும் வருகிற வரி. அதற்கு முன்பும் பலமுறை எழுதியிருக்கிறார்.

பத்து நாள் கழித்து, ஆலை வாசலில் ஒருவர் அண்ணிக்காகக் காத்திருந்தார். நானும் அன்று அண்ணியைக் கூட்டிப்போக வந்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் நீலம்.

“மேடம், நான்தான் ரெண்டு கோட்டு. உங்க லெட்டரைப் பார்த்தேன். பதினோரு இடத்துலயும் என் பேரை அடிச்சுட்டாங்க. வருஷம் பூரா அதுதான் எனக்கு வேலை.”

அண்ணி தயங்கினார். “அண்ணே, மாதிரியை நானே தேய்ச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லாத்தான் இருக்கும், நான் எங்க இல்லைன்னேன்? சரி, நான் தண்ணி கலந்தேன்னே வெச்சுக்குங்க. போய்ச் சுவரைப் பாருங்க. இடுப்புக்குக் கீழதான் போயிருக்கு. மேல அப்படியே இருக்கு. இடுப்பு வரைக்கும் தண்ணிப் பெயிண்ட், அதுக்கு மேல நல்ல பெயிண்ட்டுன்னு துணிக்குக் கரை வெக்கிற மாதிரியா அடிப்பேன்?”

“கீழதான் தொடைப்பாங்க. மேல தேய்ச்சாலும் போகுமோ என்னவோ.”

“அப்ப தேய்ச்சுப் பாருங்க. உங்க தொழில்தானே அது?”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் அண்ணியின் முகம் மாறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது, இறங்கும் இடத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் திடீரென்று, “அந்தச் சுவரை நான் பார்க்கவே இல்ல” என்றார்.

சனிக்கிழமை கிளம்பினோம். ஸ்பாஞ்ச், சின்ன வாளி, அளவுகோல், பென்சில் எல்லாம் என் பையில். காப்பகத்தை நடத்தும் பெரிய டீச்சர் கதவைத் திறந்தாரே தவிர, உள்ளே வரச் சொல்லவில்லை.

“லெட்டர்தான் வந்துடுச்சே. இன்னும் என்ன?”

“சுவரைக் கொஞ்சம் தேய்ச்சுப் பார்க்கணும் டீச்சர்.”

“இருக்குற நீலத்தையும் எடுத்துட்டுப் போறதுக்கா?”

ஆனாலும் விட்டார். கூடத்தில் பதினைந்து குழந்தைகள். சுவரைப் பார்த்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. ரெண்டு கோட்டு சொன்னது பொய்யில்லை. குழந்தைகளின் கை எட்டும் உயரம் வரை மஞ்சள் திட்டுகள். அதற்கு மேலே கோடு கிழித்தாற்போல் சுத்தமான நீலம். அண்ணி தரையில் மண்டியிட்டு, கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார். உடனே நாலு குழந்தைகள் ஓடிவந்து அவரைப் போலவே கன்னத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணை மூடின.

“என்ன தெரியுது?” என்று ஒரு பெண் குழந்தை கேட்டது.

“உனக்கு என்ன தெரியுது?”

“சுவரு.”

“எனக்கும் அதான் தெரியுது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.”

பிறகு எழுந்து, தன் தலை உயரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். காப்பகத்தின் வாளியையே கேட்டு வாங்கி, அவர்கள் பயன்படுத்தும் அதே சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குழந்தைகளும் எண்ணின. இருபதுக்கு மேல் தெரியாதவை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தன. முந்நூறு வரை தேய்த்தார். நீலம் அசையவில்லை. ஸ்பாஞ்சிலும் நீலம் ஒட்டவில்லை. அதே கையோடு, கீழே நீலம் மிச்சமிருந்த இடத்தில் தேய்த்தார். நாற்பத்தைந்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது.

“ஒரே பெயிண்ட், ஒரே ஆளு, ஒரே சோப்பு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “தண்ணி கலந்திருந்தா மேலயும் போயிருக்கணும்.”

பெரிய டீச்சர் இப்போது பக்கத்தில் வந்து நின்றிருந்தார். “அப்ப என்னதான் காரணம்?”

“தெரியல டீச்சர். தினமும் யார் துடைக்கிறது?”

சமையலறையிலிருந்து ஆயா ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “நான்தான். சாயங்காலம் புள்ளைங்க போனதும் ஒரு துடைப்பு. என்மேல பழியப் போடறீங்களா?”

“இல்லக்கா. துடைக்கிறப்ப துணியில நீலம் ஒட்டுமா?”

“இப்ப இல்ல. திறந்த புதுசுல ஒட்டுச்சு. ஒரு வாரம் துணி லேசா நீலமாச்சு. புது பெயிண்டாச்சே, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தார்.

“பெயிண்ட் அடிச்சு எத்தனாவது நாள் திறந்தீங்க?”

“மூணாம் நாள்” என்றார் பெரிய டீச்சர். “தொட்டுப் பார்த்தோம், நல்லாக் காய்ஞ்சிருந்துச்சு. அந்த வாரம் ஒரே மழை. ஜன்னலைக்கூடத் திறக்கல. ஏன்?”

அண்ணி ஸ்பாஞ்சைப் பிழிந்து என் பையில் போட்டார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டியபிறகுதான் என்னிடம் சொன்னார். “பத்தொம்பது வருஷமா தேய்க்கிறேன். மூணாம் நாள் பெயிண்டை ஒரு தடவைகூடத் தேய்ச்சதில்ல.”

அது அவர்கள் அறையில் மட்டும் நடக்கக்கூடிய தவறு. ஏழு நாள் கணக்கு சோதனை முறையில் இருந்தது, அலமாரியில் இருந்தது, அவர் கையிலேயே இருந்தது. மூச்சு விடுவது போலப் பழகிப்போனதால் யாரும் அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. டப்பாவிலும் இல்லை. பெயிண்ட் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தாற்போல் இருக்கும். ஆனால் உள்ளே இறுக நாளாகும். அரைவேக்காட்டில் இருக்கும்போதே அதைத் தினமும் சோப்புத் தண்ணீரில் துடைத்திருக்கிறார்கள். மேலே யாரும் தொடாததால் நிம்மதியாக இறுகிவிட்டது.

இதுவும் இன்னும் ஊகம்தான் என்றார் அண்ணி. திங்கட்கிழமை மாதிரி டப்பாவைத் திறந்து, இரண்டு வரிசையாகத் தாள்களை இழுத்தார். ஒரு வரிசை வழக்கமான அலமாரியில். இன்னொன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரம் போகாத மூலையில். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஈர மூலையில் இருந்த மூன்றாம் நாள் தாளில் நூற்று நாற்பதாவது தேய்ப்பிலேயே கருப்பு தெரிந்தது. அதையும் மற்றத் தாள்களையும் எடுத்துக்கொண்டு தர மேலாளரிடம் போனார். அங்கே நடந்ததை வீட்டில் வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

“உங்க பழைய நம்பர் தப்பா?” என்று கேட்டாராம் மேலாளர்.

“இல்ல சார். சரிதான்.”

“அப்ப லெட்டரும் சரிதான்.”

“நம்பர் ஏழாம் நாள் தாளோடது சார். லெட்டர் மூணாம் நாள் சுவரைப் பத்தினது. அதை மாத்தி எழுதணும்.”

“நாமளே எழுதினதை நாமளே மறுத்தா, நாளைக்கு எவன் நம்புவான்? ஊர்ல ஒரு சுவர் உரிஞ்சா நம்ம கதவைத்தான் தட்டுவான்.”

“அந்த பெயிண்டருக்கு வேலை போச்சு சார்.”

“மேல கேட்டுச் சொல்றேன்.”

அந்த அலுவலகத்தில் மேலே கேட்கப் போனது எதுவும் கீழே திரும்பியதில்லை என்றார் அண்ணி. கிணற்றில் போட்ட கல்தான். இரண்டு வாரம் பொறுத்தார். இரண்டு முறை நினைவுபடுத்தினார். பிறகு ஒரு காலையில், வெள்ளைத்தாளில் தானே ஒரு கடிதம் எழுதி, மூன்றாம் நாள் தாளையும் ஏழாம் நாள் தாளையும் அட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அண்ணன் வாசலில் நின்றான். “வேலை போனா?”

“போனா போகட்டும்னெல்லாம் வீரமா சொல்ல மாட்டேன். போகக் கூடாதுன்னுதான் ஆசை. ஆனா அவர் வேலை என் கையெழுத்துல போயிருக்குங்க. அது எனக்குச் சோறு இறங்க விடல.”

அண்ணன் வழியை விட்டான். “நாத்தனாரையும் கூட்டிட்டுப் போ. எதுக்கும் ஒரு சாட்சி.”

பெரிய டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“முதல்ல பெயிண்டர் தப்புன்னீங்க. இப்ப நாங்க சீக்கிரம் துடைச்சது தப்பா?”

“இல்ல டீச்சர். டப்பாவுல கழுவலாம்னு இருந்துச்சு, கழுவினீங்க. அவர் ரெண்டு கோட்டும் ஒழுங்கா அடிச்சார். எப்ப கழுவலாம்னு தெரிஞ்சிருந்தது எங்களுக்குத்தான். நாங்க சொல்லல. அது போதாதுன்னு, பார்க்காத சுவரைப் பத்தி ஒரு வரி எழுதினேன். அது நான் செஞ்சது.”

“உங்க கம்பெனி இதைச் சொல்லச் சொல்லிச்சா?”

“இல்ல. அதான் கம்பெனித் தாள்ல எழுதல.”

பெரிய டீச்சர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு எங்கள் எதிரிலேயே போனை எடுத்தார். “ரெண்டு கோட்டு, நான்தான் பேசறேன். கீழ்ப்பக்கம் மட்டும் மறுபடி அடிக்கணும். எப்ப வருவீங்க?” பிறகு “இருக்கீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

செய்தி ஆலைக்குத் தெரியாமல் இருக்குமா? மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டு, ஒரு வருடத்துக்கு எந்த ரிப்போர்ட்டிலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். தேய்ப்பது அவர், கையெழுத்து வேறொருவர். அண்ணிக்கு அது உறைத்தது. எட்டு மாதம் கழித்து டப்பாவில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஏறியது: ‘பூசிய நான்கு வாரங்களுக்குப் பின் கழுவவும்.’ யார் சொல்லி ஏறியது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வரி ஏறுவதற்கு முன்பே, காப்பகத்துச் சுவரை ரெண்டு கோட்டு மறுபடி அடித்து முடித்தார். நான்கு வாரம் துணி படக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தார். குழந்தைகளை எப்படித் தடுப்பது? பெஞ்சுகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை தள்ளிப்போட்டு வேலி மாதிரி ஆக்கினார் ஆயா. அப்படியும் எட்டாம் நாள் யாரோ ஒரு வாண்டு பின்னால் புகுந்து ஐந்து விரலையும் பதித்துவிட்டதாம். துடைக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் ஆயா இருபது நாள் அந்தக் கையோடு குடித்தனம் நடத்தினார்.

இருபத்தொன்பதாம் நாள் அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு கோட்டும் சொல்லிவைத்தாற்போல் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி நின்றார். அண்ணி முதலில் அந்த ஐந்து விரலைத் துடைத்தார். போய்விட்டது. பிறகு அதே இடத்தில் எண்ண ஆரம்பித்தார். இருநூறில் ரெண்டு கோட்டு, “போதும்மா” என்றார்.

“ஐநூறு வரைக்கும் போறேண்ணே.”

“சுவருக்கு வலிக்கப் போவுது.”

ஐநூறு ஆனது. ஸ்பாஞ்சைப் பிழிந்தார்; சோப்பு நுரையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பெரிய டீச்சர் மேசையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து ரெண்டு கோட்டிடம் நீட்டினார். “பக்கத்து ரூமு. அப்புறம் மத்தப் பத்து இடத்துக்கும் சொல்லிட்டேன். எப்ப ஆரம்பிக்கிறீங்க?”

அவர் சாவியை வாங்கவில்லை. “முதல்ல உங்களுக்கு லீவு எப்போன்னு சொல்லுங்க டீச்சர். நாலு வாரம் முழுசா வேணும்.”

எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். டீச்சர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துத் தேதியைச் சொன்னபிறகுதான் சாவியை வாங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் மனம் நிறைந்திருக்கும் என்று நினைத்து, “இப்பவாவது சோறு இறங்குமா அண்ணி?” என்றேன்.

“நாலு வாரம்னு நான் சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் சொன்னேன். ரெண்டு வாரமே போதுமோ என்னவோ. பாவம், அவங்க ஒரு மாசம் பெஞ்சைத் தள்ளிப் போட்டுட்டு இருந்திருக்காங்க.” விரல் விட்டு ஏதோ எண்ணினார். “ஒண்ணாம் நாள்லேர்ந்து முப்பதாம் நாள் வரைக்கும், நாளுக்கு ரெண்டு. ஈரத்துல ஒண்ணு, காய்ஞ்ச இடத்துல ஒண்ணு. அறுபது தாள்.”

“கையெழுத்துப் போட முடியாதே?”

“தேய்க்கலாமில்ல?” என்றார்.